கே.எல்.ல கார் இல்லாம சுத்துறது எப்படி: எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோ, கொம்யூட்டர், பஸ் எல்லாத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

கோலாலம்பூர் ரயில் மேப்பை பார்த்தீங்கன்னா எல்லா கலர் கோடும் அழகா ஒன்னோட ஒன்னு சேர்ந்து போற மாதிரிதான் இருக்கும். நம்பாதீங்க. மேப்ல ஒரே வட்டம் போட்டு காட்டுற ஸ்டேஷன் சிலது நிஜத்துல ரெண்டு ஸ்டேஷன், நடுவுல ஒரு ஷாப்பிங் மாலோ ஒரு மெயின் ரோடோ இருக்கும், கேட்டை விட்டு வெளிய வந்து நடந்து போய் மறுபடி கார்டு தட்டி உள்ள போகணும். சிலது எதிர் பிளாட்பாரத்துக்கு பத்து அடி நடந்தா போதும். இந்த வித்தியாசம் புரிஞ்சிட்டா கே.எல்.ல பாதி கஷ்டம் தீர்ந்துச்சு. புரியாம, "ஸ்டேஷன் எண்ணிக்கை கம்மியா இருக்கு, இதுலயே போவோம்"னு கிளம்புறவங்கதான் வெயில்ல பெட்டியை இழுத்துக்கிட்டு நிப்பாங்க.

ஊர்ல இருந்து சுத்திப் பார்க்க வர்றவங்க, ஈப்போ சுங்கை சிப்புட் பக்கம் இருந்து படிக்கவோ வேலைக்கோ புதுசா கே.எல். வர்ற பசங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் எழுதுறேன். இங்க நாங்க ரிங்கிட்டை வெள்ளின்னுதான் சொல்லுவோம், கீழயும் அப்படியே வரும்.

முதல் படி: யாரு யாரோட வண்டின்னு தெரிஞ்சுக்கோங்க

கலரை மறந்துடுங்க, மூணு கூட்டமா பிரிச்சுக்கோங்க. எல்ஆர்டின்னா டவுன் லைட் ரயில், எம்ஆர்டின்னா அதை விட பெரிய மெட்ரோ ரயில்.

முதல் கூட்டம் ரேபிட் கே.எல். இதுல அம்பாங் எல்ஆர்டி, ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி, கிளானா ஜெயா எல்ஆர்டி, மோனோரயில், காஜாங் எம்ஆர்டி, புத்ராஜெயா எம்ஆர்டி, சன்வே பிஆர்டி (தனி ரோட்டுல ஓடுற பஸ்), அப்புறம் ஊர் முழுக்க ஓடுற ரேபிட் பஸ் எல்லாம் அடக்கம். ரெண்டாவது கேடிஎம் கொம்யூட்டர், இது பழைய ரயில்வே, பத்துமலைக்கும் கிள்ளானுக்கும் சிரம்பானுக்கும் போறது இதுதான். மூணாவது ஏர்போர்ட் ரயில், நிக்காம நேரா போற கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸும் நடுவுல நின்னு நின்னு போற கேஎல்ஐஏ டிரான்சிட்டும்.

ஒரு கூட்டத்துல இருந்து இன்னொரு கூட்டத்துக்கு மாறினா கண்டிப்பா கேட்டை விட்டு வெளிய வரணும், டிக்கெட் தனி, காசு தனி. இது எப்பவுமே மாறாத விதி. குழப்பம் முதல் கூட்டத்துக்குள்ளதான், ஏன்னா அது இன்னைக்கு ஒரே கம்பெனியா இருந்தாலும் பொறந்தது அப்படி இல்ல. 1996 டிசம்பர்ல அம்பாங் லைனை ஸ்டார்னு ஒரு தனியார் கம்பெனி திறந்துச்சு, 1998 செப்டம்பர்ல கிளானா ஜெயா லைனை புத்ரான்னு வேற ஒரு கம்பெனி, 2003 ஆகஸ்ட் 31ல மோனோரயிலை மூணாவதா ஒருத்தர். யாரும் யாரையும் கேட்டு ஸ்டேஷன் கட்டல. வண்டியே வேற வேற, கிளானா ஜெயா லைன்ல ஓடுறது லீனியர் மோட்டார் வண்டி, கனடாவுல வான்கூவர்ல ஓடுற அதே தொழில்நுட்பம், அம்பாங் லைன் வண்டி இந்த தண்டவாளத்துல ஓடவே ஓடாது. நடுவுல 1997 பண நெருக்கடி வந்து ரெண்டு எல்ஆர்டி கம்பெனியும் கடன்ல மூழ்க, 2002ல அரசாங்கத்தோட பிரசாரானா கம்பெனி ரெண்டையும் எடுத்துக்கிச்சு, 2007ல மோனோவையும். மஸ்ஜித் ஜாமேக் ஸ்டேஷன்ல ஒரு எல்ஆர்டில இருந்து இன்னொரு எல்ஆர்டிக்கு வெளிய வராம மாறுற வசதியே 2011லதான் வந்துச்சு, அதுவரைக்கும் ஒரே பேர்ல ரெண்டு ஸ்டேஷன், ரெண்டு டிக்கெட்.

எம்ஆர்டி அப்புறம் வந்தது, காஜாங் லைன் 2016 டிசம்பர்ல பாதியும் 2017 ஜூலைல மீதியும், புத்ராஜெயா லைன் 2022 ஜூன்லயும் 2023 மார்ச்லயும். இது ரெண்டும் முன்கூட்டியே யோசிச்சு கட்டினது, அதனால எம்ஆர்டி சம்பந்தப்பட்ட மாற்றம் பெரும்பாலும் சுகமா இருக்கும். பெரும்பாலும்தான், எல்லாம் இல்ல, சொல்றேன்.

ரெண்டாவது படி: கார்டு

டச் அண்ட் கோ கார்டு ஒன்னு வாங்கிடுங்க. மேல சொன்ன மூணு கூட்டத்துலயும் செல்லும், பஸ்லயும் செல்லும், டோல்லயும் செல்லும், சில பார்க்கிங்லயும் செல்லும். வாங்கும்போது புது மாதிரி கார்டா கேட்டு வாங்குங்க, அதுல ஃபோனை பின்னாடி வெச்சு ஆப் வழியா காசு ஏத்தலாம். பழைய கார்டுன்னா ஏத்துறதுக்கு ஸ்டேஷன் மெஷினையோ கடையையோ தேடணும், சில கடையில ஏத்துறதுக்கு தனியா ஐம்பது சென் வாங்குவாங்க.

கார்டு இல்லன்னா மெஷின்ல நீல பிளாஸ்டிக் டோக்கன் கிடைக்கும், உள்ள போறப்ப தட்டணும், வெளிய வர்றப்ப ஓட்டைக்குள்ள போடணும். ஒரு நாள் மட்டும் இருக்கிறவங்களுக்கு அது பரவால்ல. ஆனா அதே தூரத்துக்கு டோக்கனை விட கார்டுல கட்டணம் குறைவு, அதோட ரேபிட் பஸ்ல கைக்காசு வாங்கவே மாட்டாங்க, டிரைவர்கிட்ட அஞ்சு வெள்ளி நோட்டை நீட்டிட்டு "சேஞ்ச் இல்லையா"ன்னு கேட்டா அவரு பாவம் என்ன பண்ணுவாரு. குடும்பமா வந்தா ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்டை நாலு தடவை தட்டி நாலு பேர் உள்ள போக முடியாது, இது ரொம்ப பேர் கேக்குற கேள்வி.

கார்டுல பத்து வெள்ளிக்கு கீழ விடாதீங்க. கேட்ல சிவப்பு லைட் எரிஞ்சு பின்னாடி வரிசை நிக்கும்போது வர்ற வெக்கம் இருக்கே, அது தேவையில்லாதது.

மலேசியக் குடிமக்களா இருந்தா நேரா மை50 பாஸ் எடுத்துடுங்க. ஐம்பது வெள்ளி, முப்பது நாள், முதல் கூட்டத்துல இருக்கிற எல்லாமே எத்தனை தடவை வேணாலும், சன்வே பிஆர்டியும் பஸ்ஸும் சேர்த்து. ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் கவுண்டருக்கு போனா உங்க டச் அண்ட் கோ கார்டுலயே ஏத்திக் குடுத்துடுவாங்க. தினமும் வேலைக்கு போறவங்களுக்கு இதுல ரெண்டாவது யோசனையே வேணாம், கே.எல்.ல ஒரு மாச பெட்ரோலும் பார்க்கிங்கும் என்ன ஆகும்னு கணக்கு போட்டுப் பாருங்க. கேடிஎம்முக்கும் ஏர்போர்ட் ரயிலுக்கும் இது செல்லாது, அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. மாணவர்களுக்கும் 60 தாண்டினவங்களுக்கும் சலுகை கார்டு தனியா இருக்கு, பாதி கட்டணம், அப்பப்ப மட்டும் வெளிய போற பெரியவங்களுக்கு மை50யை விட அதுதான் லாபம். வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு ஒரு நாள், மூணு நாள்னு சுத்துலா பாஸ் விக்கிறாங்க, ஆனா ஒரு நாளைக்கு ரெண்டு மூணு பயணம்தான்னா சாதாரண கார்டே போதும், டவுனுக்குள்ள கட்டணம் அவ்வளவு கம்மி.

மூணாவது படி: எங்க மாறணும், எங்க மாறவே கூடாது

இந்த வழிகாட்டியில ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன்னா இதைப் படிங்க.

நல்ல மாற்றம்னா எனக்கு முதல்ல துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச், எல்லாரும் டிஆர்எக்ஸ்னு சொல்றது. காஜாங் லைன்ல இருந்து இறங்கி அதே தளத்துல எதிர் பக்கம் நடந்தா புத்ராஜெயா லைன் வண்டி. படி இல்ல, கேட் இல்ல. பசார் செனியும் நல்லது, கிளானா ஜெயா எல்ஆர்டி மேல, காஜாங் எம்ஆர்டி கீழ, எஸ்கலேட்டர்ல இறங்கிட்டே இருக்கணும் ஆனா வெளிய வர வேண்டியதில்ல. மஸ்ஜித் ஜாமேக்ல ரெண்டு எல்ஆர்டியும் சேருது, இது கே.எல்.லயே நெரிசலான மாற்றங்கள்ல ஒன்னு, சாயங்காலம் அஞ்சு மணியில இருந்து ஏழரை வரைக்கும் முடிஞ்சா தவிர்த்துடுங்க. தித்திவங்சால எல்ஆர்டி, மோனோ, புத்ராஜெயா எம்ஆர்டி மூணும், ஹங் துவால எல்ஆர்டியும் மோனோவும், மலூரில அம்பாங் எல்ஆர்டியும் காஜாங் எம்ஆர்டியும், சான் சோ லின்லயும் சுங்கை பீசிலயும் எல்ஆர்டியும் புத்ராஜெயா எம்ஆர்டியும், புத்ரா ஹைட்ஸ்ல கிளானா ஜெயா லைனும் ஸ்ரீ பெட்டாலிங் லைனும். இது எல்லாம் கேட்டுக்குள்ளயே மாறுறது. மெர்டேக்கா எம்ஆர்டியும் பிளாசா ரக்யாட் எல்ஆர்டியும் பேரு வேற வேறயா இருந்தாலும் உள்ளயே ஒரு நடைபாதை சேர்த்து வெச்சிருக்கு, மேப்ல பேரு வேறன்னு பார்த்து நிறைய பேர் இதை விட்டுடுறாங்க.

இப்ப மோசமானது. கே.எல். சென்ட்ரல். எல்லாரும் நினைக்கிறது எல்லா லைனும் அங்க ஒரே கூரைக்கு கீழ இருக்குன்னு. கிளானா ஜெயா எல்ஆர்டி, கொம்யூட்டர், ஏர்போர்ட் ரயில், ஈப்போ பட்டர்வொர்த் போற ஈடிஎஸ் ரயில், இதெல்லாம் மெயின் கட்டடத்துல இருக்கு, சரி. மோனோரயில் அங்க இல்ல. நியூ சென்ட்ரல் மாலுக்குள்ள புகுந்து கடையெல்லாம் தாண்டி அந்தப் பக்கம் வெளிய வந்தா துன் சம்பந்தன் ரோட்டு மேல நிக்கும் மோனோ. காஜாங் எம்ஆர்டியும் அங்க இல்ல, அதோட ஸ்டேஷன் பேரு முசியம் நெகாரா, சென்ட்ரல்ல இருந்து ஒரு நீள நடைபாதை போகுது, மழை நனையாம போகலாம், ஆனா கேட் தனி. பெட்டியோட வர்றவங்க இந்த ரெண்டுக்கும் நிதானமா பத்து நிமிஷம் சேர்த்துக்கோங்க.

அம்பாங் பார்க்ல எல்ஆர்டியும் எம்ஆர்டியும் ஒரே பேர்ல இருந்தாலும் கேட்டை விட்டு வெளிய வந்து நடக்கணும். புக்கிட் பிந்தாங்ல மோனோ ரோட்டுக்கு மேல, எம்ஆர்டி ரோட்டுக்கு கீழ, இதுலயும் வெளிய வந்துதான். டாங் வாங்கி எல்ஆர்டியும் புக்கிட் நானாஸ் மோனோவும் பக்கம்தான், ஆனா வெளிய நடை. புத்ராஜெயா லைனுக்கு இவ்வளவு செலவு பண்ணி அம்பாங் பார்க்ல மட்டும் ஏன் இப்படி விட்டாங்கன்னு எனக்கு இன்னைக்கும் ஒரு எரிச்சல் உண்டு.

இதை வெச்சு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். கே.எல். சென்ட்ரல்ல இருந்து புக்கிட் பிந்தாங் போகணும். மேப்பை பார்த்தா மோனோல நேரா போகலாம், மாறவே வேணாம், துன் சம்பந்தன், மகாராஜலேலா, ஹங் துவா, இம்பி, புக்கிட் பிந்தாங், அஞ்சாவது ஸ்டேஷன். ஆனா மோனோ வண்டி குட்டி, காத்திருக்கிற நேரமும் ஜாஸ்தி, சாயங்காலம் வண்டி வந்தாலும் ஏற இடம் இருக்காது. அதுக்கு பதிலா முசியம் நெகாராவுக்கு நடந்து எம்ஆர்டி ஏறுங்க, பசார் செனி, மெர்டேக்கா, மூணாவதே புக்கிட் பிந்தாங். நடக்குறது கொஞ்சம் கூட, ஆனா வண்டி பெருசு, சீக்கிரம் சீக்கிரமா வரும், பெட்டி வைக்க இடம் இருக்கும். பகல்ல கூட்டம் இல்லாத நேரம், கையில சுமை இல்ல, வேடிக்கை பார்த்துக்கிட்டு போகணும்னா மோனோவே நல்லது, ரோட்டுக்கு மேல மாடி வீட்டு ஜன்னல் உயரத்துல வளைஞ்சு வளைஞ்சு போகும், சின்னப் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இரட்டைக் கோபுரத்துக்கு சென்ட்ரல்ல இருந்துன்னா யோசிக்கவே வேணாம், கிளானா ஜெயா லைன், அஞ்சாவது ஸ்டேஷன் கேஎல்சிசி, இறங்கினா மாலுக்குள்ளயே வருவீங்க. புக்கிட் பிந்தாங்ல இருந்து கேஎல்சிசி போறதுக்கு மட்டும் ரயிலே வேணாம், பெவிலியன் மால் பக்கத்துல இருந்து ஏசி போட்ட மேல்நடைபாதை போகுது, பதினஞ்சு இருபது நிமிஷ நடை. கால் வலிக்கும்னா ஒரு ஸ்டேஷன் எம்ஆர்டில டிஆர்எக்ஸ் போய் எதிர் பிளாட்பாரத்துல புத்ராஜெயா லைன் ஏறி பெர்சியாரான் கேஎல்சிசில இறங்கிக்கலாம்.

நாலாவது படி: பிளாட்பாரத்துல

போர்டுல லைன் பேரை மட்டும் பார்த்தா பத்தாது, கடைசி ஸ்டேஷன் பேரைப் பாருங்க. அம்பாங் லைனும் ஸ்ரீ பெட்டாலிங் லைனும் செந்தூல் தீமோர்ல இருந்து சான் சோ லின் வரைக்கும் ஒரே தண்டவாளம், அதுக்கு அப்புறம்தான் பிரியுது. மஸ்ஜித் ஜாமேக்ல நின்னுக்கிட்டு பஸ் டெர்மினல் டிபிஎஸ் போகணும்னா அம்பாங்னு போட்ட வண்டியை விட்டுட்டு புத்ரா ஹைட்ஸ்னு போட்டதுல ஏறணும். அவசரத்துல வர்ற வண்டியில ஏறிட்டா சான் சோ லின்ல இறங்கி மாறிக்கலாம், அதைத் தாண்டிட்டா திரும்பி வரணும்.

அறிவிப்பு மலாய்லயும் இங்கிலீஷ்லயும் வரும், தமிழ்ல வராது. போர்டுல கெலுவார்னு இருந்தா வெளிய போற வழி, பிந்துன்னா வாசல். வாசலுக்கு ஏ, பி, சின்னு எழுத்து குடுத்திருப்பாங்க, எம்ஆர்டி ஸ்டேஷன்ல இந்த எழுத்து ரொம்ப முக்கியம், தப்பான வாசல்ல ஏறினா பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவீங்க, அப்புறம் மறுபடி கீழ இறங்கி ஏறணும். கிளம்புறதுக்கு முன்னாடியே மேப்ல எந்த வாசல்னு பார்த்து வெச்சுக்கோங்க.

கிளானா ஜெயா லைன்லயும் எம்ஆர்டிலயும் டிரைவர் கிடையாது, அதனால முதல் பெட்டியோட முன்கண்ணாடி காலியா இருக்கும், பசங்களோட போனா அங்க நிறுத்தி வேடிக்கை காட்டலாம், பெரியவங்களும் வெக்கப்படாம போய் நிக்கலாம். சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, டுரியான் கண்டிப்பா கூடாது. ஏசி நல்லா குளிரும், வெளிய வேர்த்து ஊத்திக்கிட்டு ஏறி உள்ள அரை மணி நேரம் உக்காந்தா ஊர்ல இருந்து வந்த பெரியம்மா சித்திக்கெல்லாம் மறுநாளே ஜலதோஷம் வந்துடும், ஒரு சால்வை கையில இருக்கட்டும்.

கொம்யூட்டர்ல ரோஸ் கலர் ஸ்டிக்கர் ஒட்டின பெட்டி பெண்களுக்கு மட்டும், 2010ல இருந்து இருக்கு. குடும்பமா ஏறி அந்த நடுப்பெட்டியில போய் உக்காந்துட்டு ஆம்பளைங்க எழுந்திரிச்சு நடக்குறதை வாராவாரம் பார்க்கலாம்.

அஞ்சாவது படி: பத்துமலைக்கும் கொம்யூட்டர் பக்கமும்

நம்ம ஆளுங்க வந்தா முதல்ல கேக்குறது பத்துமலை. கே.எல். சென்ட்ரல்ல கொம்யூட்டர் பிளாட்பாரத்துக்கு போங்க, பத்துமலைன்னு போட்ட வண்டி, பத்துமலைதான் கடைசி ஸ்டேஷன், அதனால எங்க இறங்கணும்னு கவலை இல்ல. 2010ல இந்த கிளை போட்டதுக்கு அப்புறம்தான் ரயில்லயே நேரா கோயில் வாசலுக்கு வர முடிஞ்சுது, டிக்கெட் மூணு வெள்ளிக்குள்ள, அரை மணி நேரம் போல ஆகும். ஸ்டேஷன் வாசல்ல இருந்து நடந்தா உடனே கோயில் வளாகம், 272 படிக்கு மட்டும் கால்ல பலம் மிச்சம் வைங்க.

ஆனா கொம்யூட்டரை எம்ஆர்டி மாதிரி நினைச்சு போகாதீங்க, இது நேரம் பார்த்து போக வேண்டிய வண்டி. ஒன்னு போனா அடுத்தது அரை மணி கழிச்சு, சமயத்துல அதுக்கும் மேல. கேடிஎம் ஆப்ல நேரத்தைப் பார்த்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி வீட்டை விட்டு கிளம்புங்க, திரும்பி வர்ற நேரத்தையும் படி ஏறுறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. தைப்பூசத்துக்கு மட்டும் கதையே வேற, ராத்திரி பகலா கூடுதல் வண்டி விடுவாங்க, சில வருஷம் இலவசமாவே விட்டிருக்காங்க. அன்னைக்கு கார்ல பத்துமலைக்கு போறேன்னு சொல்றவங்களை தடுத்து நிறுத்துங்க.

நேரம் சரியா இல்லன்னா சென்ட்ரல்ல காத்துக்கிட்டு உக்காராம வெளிய பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு தோசை சாப்பிட்டு வரலாம், நியூ சென்ட்ரல் வழியா துன் சம்பந்தன் ரோட்டுல இறங்கினா ரெண்டு பக்கமும் நம்ம கடைதான். அடுத்த மோனோ ஸ்டேஷனுக்கும் அதே துன் சம்பந்தன் பேருதான், நம்ம மலேசிய இந்தியர் கட்சி மஇகாவை ரொம்ப வருஷம் நடத்தி அமைச்சராவும் இருந்தவரு. மகா மாரியம்மன் கோயிலுக்கு பசார் செனில இறங்கி நடங்க. துணி எடுக்க, பாத்திரம் எடுக்க மஸ்ஜித் இந்தியா ரோட்டுக்கு மஸ்ஜித் ஜாமேக் ஸ்டேஷன், அங்க பத்து கடைக்கு ஒரு கடையில தமிழ் பேசுவாங்க.

ஆறாவது படி: பஸ்

உண்மையை சொல்லிடுறேன், கே.எல்.ல ரயில் நல்லா இருக்கு, பஸ் சுமார்தான். டவுன்ல பஸ்ஸுக்கு தனி லேன் சில இடத்துல போட்டிருக்காங்க, ஆனா பெரும்பாலான வழியில பஸ்ஸும் காரோட காரா ஜாம்ல நிக்கும், மழை பெஞ்சா இன்னும் மோசம், மழையோ இங்க சாயங்கால வேலை விடுற நேரமா பார்த்துதான் பெய்யும். அதனால தூரத்துக்கு ரயில், கடைசி ஒன்னு ரெண்டு கிலோமீட்டருக்கு மட்டும் பஸ், இதுதான் என்னோட முறை.

அந்த கடைசி தூரத்துக்குன்னே எம்ஆர்டி, எல்ஆர்டி ஸ்டேஷன் வாசல்ல 'T'ன்னு ஆரம்பிக்கிற நம்பர் போட்ட ஃபீடர் பஸ் நிக்கும், ஒரு வெள்ளி, சுத்தி இருக்கிற தாமானுக்குள்ள (குடியிருப்புக்குள்ள) எல்லாம் போய்ட்டு திரும்ப ஸ்டேஷனுக்கே வரும். சுத்துப் பாதைங்கிறதால போகும்போது அஞ்சு நிமிஷம் எடுத்த இடம் திரும்பி வரும்போது இருபது நிமிஷம் எடுக்கலாம். வீடு வாடகைக்கு பார்க்கிற பசங்க இதை கவனிங்க, "எம்ஆர்டி பக்கத்துல"ன்னு விளம்பரம் போட்டிருந்தா நடந்தா எவ்வளவு நேரம்னு நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்க, ஏன்னா இடையில ஹைவே இருந்தா நேர்கோட்டுல முன்னூறு மீட்டர் இருக்கிறது நடையில ஒரு கிலோமீட்டர் ஆயிடும். சில ஏரியால இப்ப ஆப்ல கூப்பிட்டா வர்ற சின்ன வேனும் விட்டிருக்காங்க, ஃபீடர் பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் காத்திருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல்.

நீள வழி பஸ்ல ஏறும்போதும் கார்டு தட்டணும், இறங்கும்போதும் தட்டணும். இறங்கும்போது மறந்தா முழு தூரத்துக்கும் காசு போயிடும். பஸ் ஸ்டாப்ல நின்னா பஸ் தானா நிக்காது, கையை நல்லா நீட்டி காட்டணும், இறங்க மணி அமுக்கணும். கூகுள் மேப்ல பஸ் இப்ப எங்க வருதுன்னு தெரியும், போர்டுல ஒட்டின நேரத்தை விட அதை நம்பலாம். பஸ் பிடிக்க டவுன்ல முக்கியமான இடம் பசார் செனி ஹப், லெபோ புடு, தித்திவங்சா. இதுக்கு நடுவுல மாநகராட்சியோட கோகேஎல் பஸ்ஸும் டவுனுக்குள்ள கலர் கலரா வழி பிரிச்சு சுத்தும், உள்ளூர்க்காரங்களுக்கு இலவசம், கூட்டமும் அதுக்கு ஏத்த மாதிரி இருக்கும்.

ஜாம்ல மாட்டாத பஸ்ஸுன்னு ஒன்னே ஒன்னு உண்டு, சன்வே பிஆர்டி. 2015 ஜூன்ல திறந்தது, 5.4 கிலோமீட்டர், ஏழு ஸ்டேஷன், முழுக்க மேம்பாலத்துல தனி ரோடு, அதுல பிஒய்டியோட மின்சார பஸ் மட்டும் ஓடும். ஒரு பக்கம் செத்தியா ஜெயா கொம்யூட்டர் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் யுஎஸ்ஜே 7 எல்ஆர்டி, நடுவுல சன்வே லகூன், ஆஸ்பத்திரி, காலேஜ். கீழ ரோட்டுல கார் எல்லாம் நகராம நிக்கும்போது மேல பஸ் சும்மா பறக்கும், ஏறிப் பாருங்க. திறந்தப்ப கட்டணம் ரொம்ப ஜாஸ்தின்னு மாணவர்கள் எல்லாம் புலம்பினாங்க, மை50 வந்ததுக்கு அப்புறம் அந்தப் புலம்பல் அடங்கிடுச்சு. இதே மாதிரி ஊர் முழுக்க நாலு வழி போட்டிருந்தா பஸ்ஸைப் பத்தி நான் இப்படி எழுத வேண்டியதே இருந்திருக்காது. கே.எல். கிள்ளான் நடுவுல ஒன்னு போடுறதா பல வருஷம் பேசினாங்க, பேச்சோட நின்னுச்சு.

ஏழாவது படி: ஏர்போர்ட்டும் வெளியூர் பஸ்ஸும்

கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் டெர்மினல் 1ல இருந்து சென்ட்ரலுக்கு 28 நிமிஷம், டெர்மினல் 2ல இருந்து 33 நிமிஷம், கட்டணம் 55 வெள்ளி. தனியா, அவசரமா வர்றவங்களுக்கு சரி. நாலு பேர் குடும்பமா வந்தா இருநூறு வெள்ளி தாண்டிடும், அதுக்கு ஆப்ல கூப்பிடுற கிராப் கார் எடுத்து வீட்டு வாசல்லயே இறங்கலாம், கணக்கு போட்டா அதுதான் மலிவு. கையில காசு கம்மி, நேரம் இருக்குன்னா சென்ட்ரல் வரைக்கும் பஸ் இருக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

நிறைய பேருக்கு தெரியாத ஒரு வழி சொல்றேன். டிரான்சிட்ல ஏறி புத்ராஜெயால இறங்குங்க, அந்த டிக்கெட் சென்ட்ரல் வரைக்கும் போறதோட கால்வாசி கூட ஆகாது. அதே கட்டடத்துல புத்ராஜெயா எம்ஆர்டியோட கடைசி ஸ்டேஷன் இருக்கு, அதுல ஏறினா மாறாம டிஆர்எக்ஸ், கேஎல்சிசி பக்கம் வரைக்கும் வந்துடலாம். கடைசி ஸ்டேஷன்ல ஏறுறதால உக்கார இடம் கண்டிப்பா கிடைக்கும். டவுனுக்கு முக்கால் மணியில இருந்து ஒரு மணி நேரம், எக்ஸ்பிரஸை விட ரொம்ப மெதுவு, ஆனா ஜாம் கிடையாது. செர்டாங், சுங்கை பீசி பக்கம் தங்குறவங்களுக்கு எக்ஸ்பிரஸ்ல டவுனுக்கு போய் திரும்பி வர்றதை விட இது நேரத்துலயும் லாபம். டிரான்சிட் வண்டி எக்ஸ்பிரஸ் அளவுக்கு அடிக்கடி வராது, அதை மட்டும் பார்த்துக்கோங்க.

மலாக்கா, ஜோகூர், பினாங்கு பஸ்ஸுக்கு டிபிஎஸ், ஸ்டேஷன் பேரு பண்டார் தாசிக் செலாத்தான். இங்க ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி, கொம்யூட்டர், டிரான்சிட் மூணும் நிக்கும். பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து போறவங்களுக்கு கொம்யூட்டர் நேர் வண்டி, மாற வேணாம், நேரம் மட்டும் ஒத்து வரணும். ஒத்து வரலன்னா எல்ஆர்டி, மஸ்ஜித் ஜாமேக்ல மாறி. பஸ் கிளம்பப் போகுது, பதினஞ்சு நிமிஷம்தான் இருக்குன்னா காசைப் பார்க்காம டிரான்சிட்.

எட்டாவது படி: வண்டி ஓடலன்னா

எவ்வளவு நல்ல சிஸ்டமா இருந்தாலும் ஒரு நாள் நிக்கும். 2022 நவம்பர்ல கிளானா ஜெயா லைன்ல வண்டியை தானா ஓட்டுற கண்ட்ரோல் சிஸ்டம் கெட்டுப்போய் கிளானா ஜெயால இருந்து அம்பாங் பார்க் வரைக்கும் 16 ஸ்டேஷனை சில நாள் மூடியே வெச்சிருந்தாங்க. பெட்டாலிங் ஜெயா முழுக்க திண்டாடிச்சு. அப்ப தப்பிச்சது யாருன்னா காஜாங் எம்ஆர்டிக்கு எந்த பஸ் போகும்னு முன்னாடியே தெரிஞ்சு வெச்சிருந்தவங்க. அதனால உங்க வீட்டுல இருந்து ரெண்டாவதா பக்கத்துல இருக்கிற வேற லைன் ஸ்டேஷன் எது, அங்க எப்படி போறதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா போய் பார்த்து வைங்க. வண்டி நின்னா ரேபிட் ஆளுங்க இலவச பஸ் விடுவாங்க, ஆனா முதல் அரை மணி நேரம் அந்த பஸ்ஸுக்கு நிக்கிற வரிசையே ஸ்டேஷனை சுத்தி வரும், சின்ன தூரம்னா நடந்துடுங்க, பெரிய தூரம்னா ரெண்டு ஸ்டேஷன் தள்ளி நடந்து போய் அங்க கிராப் கூப்பிடுங்க, ஸ்டேஷன் வாசல்ல இருந்து கூப்பிட்டா விலை ரெண்டு மடங்கு காட்டும்.

ராத்திரி விஷயம் ஒன்னு. காலைல ஆறு மணி வாக்குல முதல் வண்டி, நடுராத்திரி வாக்குல கடைசி வண்டின்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா அது லைனோட கடைசி வண்டி, உங்களோட கடைசி வண்டி இல்ல. நடுவுல மாறணும்னா மாறுற ஸ்டேஷன்ல ரெண்டாவது லைனோட கடைசி வண்டி முன்னாடியே போயிருக்கும். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் முதல் வண்டி கடைசி வண்டி நேரம் ஒட்டியிருக்கும், அதுல நீங்க மாறப் போற ஸ்டேஷனோட நேரத்தைப் பாருங்க, ஏறுற ஸ்டேஷனோடதை இல்ல. ஃபீடர் பஸ்ஸும் அதுக்கு முன்னாடியே ஓய்ஞ்சிருக்கும். பதினொன்றைக்கு மேல கிளம்புறதா இருந்தா, மாறாம எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் ரயில்ல போய் அங்க இருந்து கிராப் எடுங்க.